சத்தமில்லாமல் இறங்குவது

எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஆட்டோ ஓட்டுகிறவனுக்குக் கோபம் வரவில்லை என்றால் அவன் வேறு தொழில் பார்க்கப் போகலாம். நாகல் நகர் ஸ்டாண்டில் வந்து ராயப்பராஜ் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், "யாரு, அந்தச் சிடுமூஞ்சியா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போவது என் தப்பைப் பற்றி. நல்லவன் வேஷம் போட்டுக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வராது.

என் மகள் பாத்திமா, மாதா பெயர்தான், ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூட ஃபுட்பால் டீமில் ஆடுகிறாள். காலை ஆறு மணிக்குப் பயிற்சி. அவளையும் இன்னும் நாலு பெண்களையும் என் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் மைதானத்தில் விட்டு, முடிகிற வரை நின்று, திரும்பக் கூட்டி வருவேன்.

அந்த நாலு பேரில் ஒருத்தி தீபா. எரியோடு போகிற ரோட்டில் அவள் ஊர். அவள் அம்மா பேச்சாயி அடுத்தவர் தோட்டத்தில் மல்லிகைப் பூ பறிக்கிறவர். தாயும் மகளும் மூன்று மணிக்கே எழுந்து, நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, குனிந்த முதுகு நிமிராமல் பறித்து, சாக்கோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். தாய் பூ மார்க்கெட்டுக்குப் போவார். மகள் தூக்கக் கண்ணோடு என் வண்டியில் ஏறுவாள். அப்படி ஏறுகிற பிள்ளை, மைதானத்தில் பந்து காலுக்கு வந்துவிட்டால் வேறு ஆள். எதிரில் மூன்று பேர் நின்றாலும் எந்த வழியாகப் போனாள் என்று தெரியாது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறேன். என் மகளும் நன்றாக ஆடுவாள். ஆனால் தீபா அளவுக்கு இல்லை, அதைச் சொல்வதில் எனக்கென்ன வெட்கம்.

அரசு விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்க ஏப்ரல் கடைசியில் தேர்வு நடக்கும் என்று மார்ச்சில் அறிவிப்பு வந்தது. அதில் சேர்ந்துவிட்டால் தங்க இடம், சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அங்கேயே. தீபா மூன்று மணிக்கு எழ வேண்டாம். எங்கள் பள்ளியிலிருந்து தீபாவையும், என் வண்டியில் வரும் இன்னொருத்தி நர்கீஸையும் அனுப்புவது என்று விளையாட்டு டீச்சர் மணிமேகலை முடிவு செய்தார். யாராவது ஒருத்தி போக முடியாமல் போனால் பாத்திமா.

இந்த மணிமேகலை டீச்சரிடம் ஒரு கொள்கை உண்டு. வந்ததும் பந்தைத் தொடவிட மாட்டார். இருபது நிமிடம் உடம்பைத் தயார் செய்ய வேண்டும். மெல்ல ஓடுவது, ஓடியபடியே முட்டியைத் தூக்கி வெளியே திருப்புவது, மண்டி போட்டு நின்று, கூட்டாளி கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை வளைக்காமல் முன்னால் சாய்வது, ஒற்றைக் காலில் முப்பது எண்ணுகிற வரை நிற்பது, கடைசியில் குதித்து இறங்குவது. அந்தக் கடைசி விஷயத்தில் டீச்சர் பேய் மாதிரி நிற்பார். "முட்டி உள்ள போகுது பாரு! பாதம் எங்க பாக்குதோ முட்டியும் அங்கதான் பாக்கணும். சத்தம் வரக் கூடாது. இன்னொரு தடவ!" என்று விரட்டுவார். பிள்ளைகள் குதித்துக் குதித்து இறங்கும். நான் ஆட்டோவில் உட்கார்ந்து, இது என்னடா பந்து விளையாட வந்த பிள்ளைகளை நொண்டி அடிக்க விட்டிருக்கிறார் என்று எரிச்சல்படுவேன்.

மார்ச் கடைசியில் டீச்சருக்கு வாக்காளர் பட்டியல் வேலை போட்டுவிட்டார்கள். பத்து நாள். பயிற்சியை நிறுத்த அவருக்கு மனசில்லை. பெற்றோர் ஒருத்தர் கூட நின்றால் நடத்திக்கொள்ளலாம் என்று தலைமை ஆசிரியை சொல்லியிருக்கிறார். டீச்சர் நேரே என்னிடம் வந்தார்.

"அண்ணே, நீங்க எப்படியும் அங்கதான நிக்கிறீங்க. இந்த அட்டைல வரிசையா எழுதியிருக்கேன். பாத்துச் சொல்லுங்க, பிள்ளைக செஞ்சிரும். முடிஞ்சதும் இந்த நோட்டுல பேருக்கு நேரா டிக் போட்டாப் போதும்."

அட்டை, நோட்டு, ஒரு விசில். விசிலைக் கழுத்தில் மாட்டியதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, பொய் சொல்லவில்லை. வீட்டில் என் மனைவி அமலராணி சிரித்தாள். "மாட்டிக்கிட்டீங்களா கோச்சு சாரு!" என்றாள்.

முதல் நாள். அஞ்சு நிமிடம் ஓடினார்கள். எனக்கு மணி மேல் கண். ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்பின்னாக ஸ்டேஷனுக்கு ஒரு ரயில் வரும். சாமான் செட்டோடு இறங்குகிற ஜனம் அதில் அதிகம். பயிற்சியைச் சீக்கிரம் முடித்துக் கிளம்பினால் பிள்ளைகளை இறக்கிவிட்டு அந்தச் சவாரியைப் பிடிக்கலாம். பிள்ளைகளும் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தீபாவைப் பார்த்தேன். மூன்று மணியிலிருந்து வேலை செய்த பிள்ளை, கழுத்தில் வேர்வை காய்ந்திருந்தது. இவளுக்கு இனிமேல் என்ன உடம்பைச் சூடாக்குவது? ஏற்கெனவே அடுப்பு மாதிரி அல்லவா இருக்கும்?

"டீச்சர் இல்லேல்ல, சும்மா எதுக்கு நொண்டி அடிச்சிக்கிட்டு? போதும், பந்த எடுங்க" என்றேன்.

ஹோ என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். நான் நோட்டைத் திறந்து அஞ்சு பேருக்கும் டிக் போட்டேன். என்னைக் காட்டிலும் நல்ல கோச்சு இந்தத் திண்டுக்கல்லில் உண்டா!

அப்படியே எட்டு நாள் போனது. ஒன்பதாம் நாள், இரண்டு பக்கமாகப் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். உயரே வந்த பந்துக்குத் தீபா எம்பினாள், தலையில் வாங்கினாள், ஒரு காலில் இறங்கினாள், அதே வேகத்தில் திரும்பப் பார்த்தாள். உடம்பு திரும்பியது. கால் திரும்பவில்லை. முட்டி உள்ளே மடங்கியதை நானே பார்த்தேன். அவள் கத்தக்கூட இல்லை. உட்கார்ந்து முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அண்ணே, ஒண்ணுமில்லண்ணே, செத்த நேரத்துல எந்திரிச்சிருவேன்" என்றாள். எழுந்திருக்க முடியவில்லை.

தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். பூ மார்க்கெட்டில் சாக்கோடு நின்ற பேச்சாயியை வழியில் ஏற்றிக்கொண்டேன். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முட்டியின் உள்பக்க ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் தேவையில்லை, ஆனால் இரண்டு மாதம் பந்து பக்கம் போகக் கூடாது என்றார். தீபா விரலை மடக்கி எண்ணினாள். தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அப்போதுதான் அழுதாள்.

இப்போது சொல்லப்போவதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில், அந்தப் பிள்ளை அழுதுகொண்டிருந்தபோது, அப்படியானால் பாத்திமா போவாள் என்று எனக்கு ஒரு நினைப்பு வந்தது. மாதா சத்தியமாக, ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். அடுத்த கணம் சீ என்று ஆகிவிட்டது. ஆனாலும் வந்தது வந்ததுதான்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பஸ் நின்ற இடத்தில் பேச்சாயி சாக்கை இறக்கி வைத்துவிட்டு என் வண்டிக்கு வந்தார். கையில் வாழை இலையில் மடித்த ஒரு முழம் மல்லி.

"வீட்ல குடுங்கண்ணே. அன்னைக்கு நீங்க இல்லேன்னா எம்மக அங்ஙனயே கெடந்திருப்பா. காசுகூட வாங்கல நீங்க. நல்லா இருப்பீக."

வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய? பின் சீட்டில் பாத்திமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சாயி போனதும் நான் வண்டியை ஸ்டார்ட் செய்து, வழக்கம்போல இன்ஜின் சூடாகட்டும் என்று நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் ஓட விட்டேன்.

"வண்டிக்கு மட்டும் ரெண்டு நிமிஷம் குடுக்குறேல்லப்பா?" என்றாள்.

"என்ன புள்ள சொல்ற?"

"தீபாவுக்குக் குடுக்கல. எங்க யாருக்குமே குடுக்கல. அந்தப் பூவ நீ எப்படிப்பா வாங்குன?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "ஏய், நீங்கதானடி பந்து பந்துன்னு பறந்தீக? நீ சொல்லியிருக்கலாம்ல?"

"ஆமா, நானும் சும்மாதான் இருந்தேன். எனக்கும் பந்துதான் வேணும்னு இருந்துச்சு. ஆனா நோட்டுல டிக் போட்டது நீ." சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அவ எடத்துல நான் போகணுமாம். இப்படியெல்லாம் என்னால போக முடியாது. நீ போய்ச் சொல்றியா, நான் சொல்லவா?"

பதினாலு வயதுப் பிள்ளை. என் கோபம் எங்கே போய் ஒளிந்துகொண்டது என்றே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மணிமேகலை டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், நோட்டையும் கொடுத்தேன். கத்துவார், நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொள்ளலாம் என்று போனவன் நான். அவர் கத்தவில்லை.

"பூப்பறிச்சா உடம்பு சூடா இருக்கும்னு நெனச்சீங்களாக்கும்?" என்றார். "ரெண்டு மணி நேரம் குனிஞ்சே நின்னுட்டு, அப்பறம் பஸ்ல காலை மடக்கி உக்காந்து வர்ற பிள்ளைண்ணே அது. கைதான் வேலை செஞ்சிருக்கும். காலு மரத்துப் போயிருக்கும். மத்தவளுகளவிட அவளுக்குத்தான் அந்த இருபது நிமிஷம் வேணும்."

"நான் செய்ய வச்சிருந்தா இது நடந்திருக்காதா டீச்சர்?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"செஞ்சாலும் அடிபடும்ணே. செய்யாட்டி அதிகமா அடிபடும். தீபாவுக்கு எது, யாரால சொல்ல முடியும்?"

இதைவிட நாலு அறை விட்டிருக்கலாம். உன்னால்தான் என்று சொல்லியிருந்தால் தலையைக் குனிந்திருப்பேன். உன்னால் இல்லை என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். தெரியாது என்கிற வார்த்தையோடு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

மறுநாள் முதல் பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். பேச்சாயி இறங்கினார். சாக்கை நானே வாங்கிக் கீழே வைத்தேன்.

"தங்கச்சி, ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்து, அட்டையிலிருந்து டிக் வரை எல்லாம் சொன்னேன். என் மகள் பெயர் அடுத்து இருந்ததையும் சொன்னேன். அந்த ஒரு கணத்தை மட்டும் சொல்லவில்லை. அதற்குத் தைரியம் வரவில்லை. பிறகு டீச்சர் திருப்பிக் கொடுத்திருந்த நோட்டைத் திறந்து, அவர் முன்னாலேயே அந்த ஒன்பது நாள் டிக்கையும் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பேச்சாயிக்குப் படிக்க வராது. "என்ன எழுதுறீக?" என்று கேட்டார்.

"செய்யலைன்னு எழுதுறேன்."

"எத்தன எடத்துல?"

"ஒம்போது."

அவர் நோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. "சாக்கத் தூக்கி விடுங்க, பூ வாடுது" என்றார். தூக்கித் தலையில் வைத்தேன். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அடுத்த நாளும் பேசவில்லை. அதற்கடுத்த நாளும் பேசவில்லை. என் வண்டியைத் தாண்டித்தான் போவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். பாத்திமா, தேர்வுக்குத் தன் பெயரைக் கொடுக்க வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு, வீட்டில் எதுவும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். அமலராணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். சோற்றுத் தட்டை வைத்த சத்தத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

நாலாம் நாள் பஸ்ஸிலிருந்து தாயும் மகளும் சேர்ந்து இறங்கினார்கள். தீபாவின் முட்டியில் பட்டையாக உறை. மெல்ல நடந்து வந்து, பழைய இடத்தில், பாத்திமா பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். பேச்சாயி என் முன்னால் வந்து நின்றார்.

"இவ ஓடக் கூடாது. நிக்கலாம், டாக்டரு சொல்லிட்டாரு. நின்னு பாக்கட்டும். ஒவ்வொண்ணையும் இவ சொல்லுவா, நீங்க செய்ய வைக்கணும்."

"சரி, தங்கச்சி."

"எம் மகளுக்குச் செய்யாதத ஒங்க மகளுக்குச் செஞ்சு அனுப்புங்க. ஒண்ணுகூட விடாம. அந்தப் பிள்ள போகமாட்டேங்குதாம்ல? ஏன் போகக் கூடாது? ரெண்டு வீட்லயும் பாழாப் போகவா?"

சொல்லிவிட்டு, என் பதிலுக்கு நிற்காமல் சாக்கோடு கிளம்பினார். நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. பின்னாலிருந்து தீபாதான், "அண்ணே, வண்டி சூடாயிருச்சு, எடுங்க" என்றாள். பாத்திமா அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்த இரண்டு வாரம் தீபா எங்களைப் பிழிந்துவிட்டாள். எங்களை என்றுதான் சொல்கிறேன். முதல் நாளே, "அண்ணே, நீங்களும் செஞ்சு பாத்தாத்தான் எது தப்புன்னு ஒங்களுக்குத் தெரியும்" என்றாள். இந்தத் தொந்தியை வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றேன். நாலு எண்ணுவதற்குள் விழுந்தேன். டீச்சர் உள்பட எல்லோருக்கும் அன்று சிரிப்பு தாங்கவில்லை. குதித்து இறங்கும்போது தீபா முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வாள். காதால் மட்டும் கேட்பாள். "இது நர்கீஸு, நல்லாருக்கு. இது பாத்திமா, வலது காலு ஓங்கி விழுகுது, திரும்பச் செய்யி." பத்து நாளில் எனக்கும் அந்தக் காது வந்துவிட்டது.

தேர்வு நாள் ஸ்டேடியத்தில் ஏகப்பட்ட கூட்டம். தீபாவும் வருவேன் என்று வந்திருந்தாள். நாலாவது குழுவில்தான் கூப்பிடுவோம் என்றவர்கள், திடீரென்று நர்கீஸையும் பாத்திமாவையும் இரண்டாவதில் கூப்பிட்டுவிட்டார்கள். இருவரும் ஒற்றைக்கால் வரைக்கும்தான் வந்திருந்தார்கள், குதித்து இறங்குவது பாக்கி.

"பரவால்லப்பா, ஓடியாச்சு, போதும்" என்று பாத்திமா பதறினாள்.

"போதும்ங்கிற வார்த்தைய நான் ஒருக்கா சொன்னேன், பட்டாச்சு. நில்லு" என்றேன்.

பெயர் கூப்பிட்டவரிடம் போனேன். என் குணத்துக்கு ஒரு சண்டை போட்டிருப்பேன். கையெடுத்துக் கும்பிட்டேன். "சார், நாலாவதுன்னு சொன்னீங்க. பிள்ளைக இன்னும் ஒடம்பத் தயார் பண்ணி முடிக்கல. அடுத்த குழுவுல போடுங்க சார், கடைசில போட்டாலும் சரி." அவர் ஏதோ முணுமுணுத்தபடி காகிதத்தைப் புரட்டினார். முடியாது என்றால் அவ்வளவுதான், என் மகள் வாய்ப்பு என் கையாலேயே போயிருக்கும். கடைசியில் இரண்டு பெயரையும் அங்கே அடித்துவிட்டு மூன்றாவதில் எழுதினார். திரும்பி வந்தபோது தீபா கம்பிவேலிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள், பின்னால் இருவரும் குதித்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். சத்தமே வரவில்லை. "போங்கடி" என்றாள் தீபா.

சாயங்காலம் ஒட்டிய பட்டியலில் நர்கீஸ் பெயர் இருந்தது. பாத்திமா பெயரும் இருந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலவும் இருந்தது, எங்காவது போய் ஒளிந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது. தீபா பட்டியலை மேலிருந்து கீழ் வரை விரலால் தடவிப் படித்தாள். அவள் பெயர் இல்லாத பட்டியலை எதற்குத் தாயி அப்படிப் படிக்கிறாய் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. கடைசியில் பாத்திமா கையைப் பிடித்து, "எனக்கு அடுத்த வருசமும் வயசு இருக்காம், டீச்சர் சொல்லிட்டாங்க. விடுதில ஒன் பக்கத்துக் கட்டில யாருக்கும் குடுத்துறாத" என்றாள்.

பாத்திமா ஜூனில் போய்விட்டாள். அவள் போன மறுநாள் மணிமேகலை டீச்சர் எனக்குப் புது நோட்டு ஒன்று வாங்கி வந்தார். பழையது போதும் டீச்சர் என்று சொல்லிவிட்டேன். அந்த ஒன்பது கையெழுத்தும் அதில் இருக்கட்டும்.

அன்று தீபாவுக்கு டாக்டர் அனுமதித்த முதல் நாள். பந்து இல்லை, ஓட்டம் இல்லை, அடிபட்ட காலில் மட்டும் ஒற்றைக் காலாக நிற்கலாம். மைதானத்து ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். முகமெல்லாம் பயம். நான் எதிரே நின்று எண்ணினேன். இருபதைத் தாண்டியபோது கால் நடுங்கியது. ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதுகிற சத்தம் கேட்டது.

"அண்ணே, ஒங்க ரயிலு வந்திருச்சு" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வரட்டும். முட்டி நேரா இருக்கட்டும், நீ முன்னாடி பாரு."

இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.

"இன்னொரு தடவை" என்றேன்.